கம்ப்யூட்டரில் காபி கொட்டிவிட்டதா?

பால் பொங்கினால் அடுப்பை அணைக்கிறோம். குழம்பு அடிப்பிடித்தால் வேறு பாத்திரத்துக்கு மாற்றுகிறோம். சமையலறை விபத்துகளுக்கெல்லாம் நம் கை தானாகவே வேலை செய்யும். ஆனால் மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு டம்ளர் காபி கவிழ்ந்தால்? "ஐயையோ, போச்சே!" என்று பதறி, கையில் கிடைத்த துணியோடு ஓடுவார்கள் பலர். துடைப்பது இரண்டாவது வேலை, சகோதரிகளே. முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது!

ஏன் இந்த அவசரம்?

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அதிகம் கடத்தாது. ஆனால் குழாய்த் தண்ணீர், காபி, மோர், இளநீர் எல்லாவற்றிலும் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவை மின்சாரத்தைப் போகக்கூடாத வழியில் இழுத்துச் செல்லும். அதோடு, ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் மதர்போர்டில் உள்ள மெல்லிய செம்புக் கோடுகள் அரித்துப் போகும். செம்புக் குடத்தில் பச்சைக் களிம்பு ஏற நாளாகும் அல்லவா? இங்கே சில மணி நேரமே போதும். வெறும் ஈரத்தைக் காய வைத்துவிடலாம். மின்சாரமும் கூடச் சேர்ந்தால்தான் வினை.

முதல் ஐந்து நிமிஷம்

பிளக் பாயிண்டோ எக்ஸ்டென்ஷன் போர்டோ நனைந்திருந்தால் கிட்டேயே போகாதீர்கள். வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். நனையாமல் இருந்தால், காலில் செருப்போடு, உலர்ந்த கையால் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள்.

"அதான் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிட்டேனே!" என்பீர்கள். அது போதாது. 1995-ல் வந்த ஏ.டி.எக்ஸ். அமைப்பிலிருந்து, பட்டனை அணைத்தாலும் உள்ளே 5 வோல்ட் மின்சாரம் காத்துக்கொண்டேதான் இருக்கும். யு.பி.எஸ். இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. மெயினை அணைத்தாலும் அது தன் பாட்டரியிலிருந்து 230 வோல்ட் கொடுக்கும். அதையும் தனியாக அணைத்து, கம்ப்யூட்டர் ஒயரை எடுத்துவிடுங்கள்.

பிறகு கீபோர்டு, மவுஸ், மானிட்டர் ஒயர்களைக் கழற்றுங்கள். நனைந்தது கீபோர்டு மட்டும் என்றால் கவலை வேண்டாம். கவிழ்த்து வைத்து வடிய விடுங்கள். போனாலும் புதிதாக வாங்கிக் கொள்ளலாம்.

பெட்டிக்குள் போயிருந்தால்

கேரண்டி இருந்தால் திறக்கும் முன் கடையில் கேட்டு விடுங்கள். ஆனால் திரவம் கொட்டியதற்குப் பெரும்பாலும் கேரண்டி பொருந்தாது.

பெட்டியின் பின்பக்கத் திருகுகளைக் கழற்றினால் பக்கத் தகடு வந்துவிடும். எது எங்கே செருகியிருந்தது என்று முதலில் செல்போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். பெட்டியின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். உடம்பில் உள்ள நிலை மின்சாரம் இறங்கிவிடும். வட்டக் காசு போன்ற 3 வோல்ட் பாட்டரியைக் கழற்றுங்கள். மேலே தெரியும் ஈரத்தைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள்.

வெறும் தண்ணீர் என்றால் காய்ந்தாலே பெரும்பாலும் போதும். காபி, ஜூஸ் என்றால் சர்க்கரை பிசுபிசுவென ஒட்டிக் கொள்ளும். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் புதிய, மிருதுவான டூத் பிரஷ்ஷில் தொட்டு மெதுவாகச் சுத்தம் செய்யவும். எலக்ட்ரானிக் சாமான் கடைகளில் கிடைக்கும். சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் அது. அடுப்பு, விளக்குப் பக்கம் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மின்சாரம் வந்து சேரும் இரும்புப் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும். அதற்குள் காபி போயிருந்தால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

ஹேர் டிரையர் சூடு பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்; ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். அரிசி மூட்டையில் வைப்பது வீண். தவிட்டுத் தூசிதான் மிச்சம். ஃபேன் காற்றே நல்லது. 48 மணி நேரம் காயட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் என்றால் இன்னும் ஒரு நாள் சேர்த்துக் கொள்ளுங்கள். அதற்குள் "ஓடுதா, பார்ப்போமே!" என்று யாரும் பட்டனைத் தொடக்கூடாது. பிழைக்க வேண்டிய கம்ப்யூட்டர் சாவது இந்த ஆசையால்தான். காய்ந்த பின் போட்டுப் பார்க்கும்போது கருகல் வாசனை வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

பெட்டியைவிடப் பெரியது

பெட்டி போனால் வேறு வாங்கலாம். அதிலிருக்கும் கல்யாண போட்டோக்கள், குழந்தையின் முதல் பிறந்த நாள் வீடியோ, தையல் தொழிலின் கணக்கு? இவையெல்லாம் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. அது நனையவில்லை என்று உறுதியானால், கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு பழைய பெட்டியைப் போட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் இயக்கிப் பார்க்கவே வேண்டாம். தகவல் மீட்பவர்களிடம் அப்படியே கொடுங்கள். வாரம் ஒருமுறை வெளி டிஸ்கில் பிரதி எடுத்து வைத்தால் இந்தக் கவலையே இல்லை.

கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் பூ ஜாடி வேண்டாம். மேல்பக்கம் காற்றுத் துளைகள் உண்டு. சரஸ்வதி பூஜையன்று சந்தனம், குங்குமத்தை முன்புறம் மட்டும் வையுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள். காபி டம்ளருக்குத் தனியாக ஒரு ஸ்டூல் போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கொட்டியது குழந்தையானால் திட்டாதீர்கள். அடிக்குப் பயந்த குழந்தை சட்டையால் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி சுவிட்சைப் போடும். ஈரக் கையோடு! கம்ப்யூட்டர் கிடக்கட்டும், அந்தக் கையை நினைத்துப் பாருங்கள். "எது கொட்டினாலும் தொடாதே கண்ணா, ஓடி வந்து அம்மாகிட்ட சொல்லு. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.