ஒரு பழத்துக்கு ஒரு தெருவே பந்தயம்: பழைய ஆங்கில மரபுத்தொடரின் பொருளும் பின்னணியும்

ஏதேனும் ஒன்று நடந்தே தீரும் என்று ஏறக்குறைய உறுதியாக நம்பும் ஆங்கிலேயர், ‘லம்பார்ட் தெரு முழுவதையும் ஒரு சீன ஆரஞ்சுக்குப் பந்தயம் வைக்கிறேன்’ என்று சொல்வது ஒரு காலத்தில் வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் புழங்கிய இம்மரபுத்தொடர் இன்று பெரும்பாலும் பழைய நூல்களிலேயே காணப்படுகிறது.

பொருள் என்ன?

தோற்றால் லண்டனின் மிகச் செல்வம் கொழித்த தெருவே கைவிட்டுப் போகும். வென்றால் கிடைப்பது ஒரே ஒரு பழம். தோல்விக்கு வாய்ப்பே இல்லை என்று கருதுபவர் மட்டுமே இத்தகைய பந்தயத்துக்கு முன்வருவார். ‘தோற்றால் மீசையை எடுத்துவிடுகிறேன்’ என்று தமிழில் சவால் விடுவதற்கு இது நெருக்கமானது. பழத்துக்குப் பதிலாக முட்டை ஓட்டைக் குறிப்பிடும் வடிவமும் உண்டு.

தெருவும் பழமும்

வட இத்தாலியின் லம்பார்டி பகுதியிலிருந்து வந்த வணிகர்களும் பொற்கொல்லர்களும் இடைக்காலத்தில் குடியேறியதால் அத்தெரு இப்பெயரைப் பெற்றது. காப்பீட்டுச் சந்தையாக வளர்ந்த எட்வர்ட் லாயிடின் காபி கடை 1691இல் இங்கு இடம்பெயர்ந்தது. பின்னர் வங்கிகள் நெருங்கி அமைந்து, தெருவின் பெயரே பணச் சந்தையைக் குறிக்கும் சொல்லாயிற்று.

சீன ஆரஞ்சு என்பது இனிப்பு ஆரஞ்சு. அதன் தாயகம் சீனா என்பதால், தாவரவியல் பெயரிலும் ‘சீனாவைச் சேர்ந்த’ என்னும் பொருள்படும் ‘சினென்சிஸ்’ இடம்பெற்றுள்ளது. முதலில் அரிய பொருளாக இருந்த இப்பழம், நாளடைவில் லண்டன் தெருக்களில் கூவி விற்கப்படும் அளவுக்கு மலிந்தது. எனவே அற்பமான பொருளுக்கு அது எடுத்துக்காட்டாயிற்று.

ஆட்டம் கண்ட உறுதி

உறுதிக்கு அளவுகோலாக நின்ற அத்தெருவே ஒருமுறை ஆட்டம் கண்டது. அங்கு இயங்கிய ஓவரெண்ட் கர்னி என்ற புகழ்பெற்ற நிதி நிறுவனம், சுமார் 1.1 கோடி பவுண்டு கடன் சுமையுடன் 1866 மே 10 அன்று பணம் வழங்குவதை நிறுத்தியது. மக்கள் பீதியடைந்து வங்கிகளை முற்றுகையிட்டனர்.

பொருளியல் எழுத்தாளர் வால்டர் பேஜெட் 1873இல் ‘லம்பார்ட் ஸ்ட்ரீட்’ என்ற நூலை வெளியிட்டார். நெருக்கடி நேரத்தில் மத்திய வங்கி, தகுந்த பிணையின் பேரில் தாராளமாகக் கடன் வழங்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். இந்திய ரிசர்வ் வங்கி உள்ளிட்ட மத்திய வங்கிகள் இன்று ஏற்றுள்ள ‘கடைசிப் புகலிடமாகக் கடன் அளிக்கும்’ பொறுப்புக்கு அவரது கருத்து முக்கிய அடித்தளமாகும்.

பின்னாளில் பெரிய வங்கிகள் வேறிடங்களுக்கு நகர்ந்தன. பார்க்லேஸ் வங்கியின் தலைமையகம் 2005இல் கேனரி வார்ஃப் பகுதிக்கு மாறியது. மரபுத்தொடரும் வழக்கில் அருகிவிட்டது.

இத்தொடரை மொழிபெயர்ப்போர் ‘நிச்சயம்’ என்று எழுதினால் பொருள் முழுமை பெறாது. ‘ஏறக்குறைய நிச்சயம்’ என்பதே பொருந்தும். எவ்வளவு பெரிய தொகையை வைத்தாலும் பந்தயம் பந்தயம்தான். தோல்விக்கான சிறு இடைவெளி அதில் எப்போதும் இருக்கும்.