தேய்ந்த கிராங் தண்டை அரைப்பதா, மாற்றுவதா?

காலபோக மழை விழுந்து வயல் பதமாகும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் இரு சில்லு உழவு இயந்திரம் நின்றுவிடின் விதைப்புப் பிந்தும், விளைச்சலும் குன்றும். ஆகவே, தேய்ந்த டீசல் எஞ்சினைக் கழற்றிப் புதுப்பிக்கும்பொழுது கிராங் தண்டைப் பற்றி ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

கிராங் தண்டில் பெயரிங் பொருந்தும் உருளைப் பகுதியைக் கழுத்து எனக் கொள்வோம். கழுத்துக்கும் பெயரிங்குக்கும் இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலமே அவை உரசாது காக்கின்றது. கழுத்தின் எல்லாப் பக்கமும் சுமை ஒரே அளவாய் விழாமையால், நாளடைவில் அது வட்டம் கெடுகின்றது. அத்தகைய கழுத்தில் புதுப் பெயரிங்கை இட்டால் எண்ணெய்ப் படலம் நிலைக்காது. பெயரிங் விரைவிற் கெடும். பெயரிங்கை மட்டும் மாற்றிச் சிக்கனஞ் செய்ய எண்ணுவோர் ஈற்றில் இரட்டிப்புச் செலவையே அடைவர்.

1. அளந்து பார்த்தல்: தண்டை மண்ணெண்ணெயிற் கழுவித் துடைக்கவும். ஒவ்வொரு கழுத்தையும் இரு முனைகளுக்கு அருகிலும் நடுவிலும், ஓரிடத்திலேயே ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும் மைக்ரோமீற்றரால் அளக்கவும். வேறுபாடு எஞ்சின் கைந்நூல் கூறும் எல்லைக்குள் இருந்து, நகத்திற் தட்டுப்படும் கீறலும் இல்லையாயின் அரைக்க வேண்டியதில்லை.

2. வெடிப்புச் சோதனை: தண்டில் மெல்லிய எண்ணெய் பூசிச் சிறிது நேரம் விட்டு, நன்கு துடைத்துச் சோக்குத் தூள் தடவவும். வெடிப்பு இருப்பின் எண்ணெய் கசிந்து கோடு காட்டும். வெடித்த தண்டை அரைத்துப் பயனில்லை, மாற்றுதலே தகும்.

3. பெயரிங் விசாரித்தல்: அரைத்த கழுத்துக்கேற்ற பெயரிங்குகள் பொதுவாக 0.25, 0.50 மில்லிமீற்றர் குறைந்த அளவுகளில் வருகின்றன. அவ்வளவில் உங்கள் எஞ்சினுக்குரிய பெயரிங் கிடைக்குமா என்பதை அரைக்குமுன் கடையில் உறுதிப்படுத்துக. அரைகூலி, பெயரிங் விலை ஆகிய இரண்டையுங் கூட்டிப் புதுத் தண்டின் விலையோடு ஒப்பிடுக. சில தண்டுகளின் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டது. அரைக்கலாகாதெனக் கைந்நூல் கூறின் அதன்படியே நடக்கவும்.

அரைத்தபின் கழுத்தின் ஓர வளைவு முன்போல் இருத்தல் வேண்டும். அது கூர்மையாகிவிடின் தண்டு அவ்விடத்தில் முறியும். எண்ணெய்த் துவாரங்களில் தங்கிய தூளை முற்றாக அகற்றுக. அரத்தாலோ எமரித் தாளாலோ கழுத்தைக் கையினால் தேய்த்து வட்டமாக்க முயலலாகாது.

சிறுபோக அறுவடை முடிந்தவுடன் இவ்வேலையைத் தொடங்குக. மழை வந்தபின் கடைச்சற் பட்டறையைத் தேடுவோருக்கு வயலின் பதம் காத்திராது.