பாதங்களுக்குத் தேவை கால் மணி நேரம்

பகலெல்லாம் சும்மா இருந்த பாதங்கள் படுத்த பிறகுதான் தொல்லை கொடுக்கும். உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிச்சல், எறும்பு ஊர்வதுபோலக் குறுகுறுப்பு, போர்வை பட்டாலே வலி. நீண்டநாள் சர்க்கரை நோயாளிகள் பலருக்கும் பழகிப்போன இரவு இது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் துணையோடு நடந்து 2023ல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. ரத்தத்தில் மிகும் சர்க்கரை நரம்புகளையும் அவற்றுக்கு ஊட்டம் தரும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. உடலின் நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. எனவே முதல் அடி அங்கேதான்.

மாத்திரைகள் வலியைத் தணிக்கும். கால் தசையின் வலுவும் தள்ளாடாத நடையும் பயிற்சியில்தான் வரும். அதற்கு ஒரு நாற்காலியும் சுவரும் போதும்.

உட்கார்ந்தபடியே பாதங்களை மேலும் கீழும் 10 முறை அசையுங்கள். பிறகு கணுக்காலைச் சுழற்றுங்கள். தரையில் விரித்த துண்டைக் கால்விரல்களால் சுருட்டி இழுங்கள். முழங்காலை நேராக நீட்டி, 5 விநாடி நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். அடுத்து எழுந்து சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வையுங்கள். பின்காலின் குதிகால் தரையிலேயே இருக்க, கெண்டைக்கால் இழுபடும்படி 20 விநாடி நில்லுங்கள். காலை மாற்றிச் செய்யுங்கள். கடைசியாக, நாற்காலியைப் பிடித்தபடி குதிகால்களை உயர்த்தி இறக்குங்கள். பிடியை விட வேண்டாம். மரத்த பாதம் தடுமாறும்.

ஒரே வாரத்தில் பலன் தெரியாது. விடாமல் செய்ய வேண்டும். நரம்பு கெட்டவர்கள் நடக்கவே கூடாது என்ற பழைய எச்சரிக்கையும் தளர்ந்துவிட்டது. புண் இல்லாவிட்டால், பொருத்தமான காலணியோடு மிதமாக நடக்கலாம். புண் இருந்தால் முதலில் டாக்டர், அப்புறம்தான் பயிற்சி. மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் எரிச்சல் வரலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

வலி தானாக மறைந்துவிட்டதா? அவசரப்பட்டு மகிழ வேண்டாம். நரம்பு உணர்ச்சியையே இழந்திருக்கலாம். செருப்பு கழன்றதும் தெரியாது, ஆணி குத்தியதும் தெரியாது. கவனிக்காத சிறு காயம்தான் சில சமயம் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது. அதனால் தினமும் பயிற்சிக்கு முன் ஒரு கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். முகத்துக்குத் தரும் நேரத்தில் பாதி போதும்.