விளாதிமிர்: ஒரு பெயரின் வரலாறு

பழைய ஸ்லாவியப் பெயர்களில் பல இரண்டு சொற்கள் சேர்ந்தவை. விளாதிமிரின் முன்பாதி ஆட்சியைக் குறிக்கிறது. பின்பாதியைப் பற்றி ரஷ்யரிடம் கேட்டால், ‘மிர்’ என்றால் உலகம், அமைதி என்பார். மொழியியலாளர்களோ அது முதலில் ‘மேர்’ என்கிறார்கள். பெருமை, புகழ் என்று பொருள். காலப்போக்கில் ஒலி மாற, மக்கள் தங்களுக்குத் தெரிந்த சொல்லையே அதில் கண்டார்கள்.

தேவாலயத்துக்குள் இந்தப் பெயர் எளிதில் நுழைந்துவிடவில்லை. 889 முதல் 893 வரை பல்கேரியாவை ஆண்ட விளாதிமிர், தந்தை போரிஸ் கொண்டுவந்த கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய தெய்வங்களிடம் திரும்ப முயன்றான். துறவு பூண்டு மடத்தில் இருந்த போரிஸ் வெளியே வந்து, மகனைப் பதவியிலிருந்து இறக்கிக் கண்களையும் பறித்தார்.

ஒரு நூற்றாண்டு கழித்து கீவ் நகரில் இன்னொரு விளாதிமிர். இவரும் முதலில் சிலை வைத்தவர்தான். இடித்தெய்வம் பெரூனுக்குக் குன்றின்மேல் மரச்சிலை. தலை வெள்ளி, மீசை தங்கம். 988-ல் மதம் மாறியதும் அதே சிலையைக் குதிரை வாலில் கட்டி இழுத்து, தினீப்பர் ஆற்றில் தள்ளச் செய்தார் என்கிறது பழைய நாளாகமம். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் வசீலி. புனிதர் பட்டியலில் இல்லாத பெயரைத் தேவாலயம் சூட்டாது. அவருடைய கொள்ளுப்பேரன் விளாதிமிர் மனமாக்குக்கும் ஞானஸ்நானப் பெயர் வசீலியே. கீவ் மன்னர் புனிதராக ஏற்கப்பட்ட பிறகுதான் ‘விளாதிமிர்’ அந்தப் பட்டியலில் ஏறியது. அந்தக் காலத்து இளவரசர் பெயர்கள் பலவும் வழக்கொழிந்தபோது இது பிழைத்ததற்கு முக்கியக் காரணம் இதுவே என்பேன்.

இன்று ரஷ்யாவில் மரியாதையாக அழைக்கும்போது தந்தை பெயரையும் சேர்ப்பார்கள். அப்பாவும் மகனும் விளாதிமிர் என்றால், மகன் விளாதிமிர் விளாதிமிரோவிச். கவிஞர் மயகோவ்ஸ்கி, எழுத்தாளர் நபகோவ் இருவருமே அப்படித்தான். புரட்சிக்குப் பின் விளாதிமிரையும் லெனினையும் இணைத்து ‘விளாத்லென்’ என்றே பிள்ளைகளுக்குப் பெயரிட்டார்கள்.

வீட்டில் கூப்பிடுவது வொலோத்யா அல்லது வோவா. இந்த வொலோத்யாவை நான் மிகவும் ரசிக்கிறேன். ‘விளா’ என்ற தொடக்கம் தேவாலய மொழி தந்தது. கீவ் மக்கள் நாக்கில் புழங்கியது ‘வொலோதிமேர்’. உக்ரைன் அதையொட்டி வொலொதிமிர் என்கிறது. ரஷ்யர்களோ ஏட்டில் விளாதிமிர் என்று எழுதிவிட்டு, பிள்ளையைக் கொஞ்சும்போது அந்தப் பழைய ஒலியைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.