மரத்துக்கு மரம் மாறும் தேன்

தேன் எல்லாம் ஒன்றல்ல. தேனீ நாடும் மரத்தைப் பொறுத்தே தேனின் நிறமும் மணமும் சுவையும் அமைகின்றன. இதை அறிந்து தேனெடுத்தால் நல்ல விலை கிடைக்க வழியுண்டு.

குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பகுதியில் பெருமளவில் கிடைப்பது ரப்பர்த் தேன். இது பூவிலிருந்து வருவதன்று. டிசம்பர், ஜனவரியில் இலையுதிர்த்த ரப்பர் மரம் மீண்டும் துளிர்க்கும். அப்போது இளந்துளிரின் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் மதுரம் சுரக்கும். ஆனால், துளிரில் மகரந்தம் இல்லை. தேனீப் புழு வளர மகரந்தம் தேவை. ஆகவே, பெட்டிகளுக்கு அருகில் தென்னை போன்ற மரங்கள் இருப்பது நலம்.

பழனி மலைச் சரிவில் கோடை மழைக்குப்பின் காப்பி பூக்கும். சில நாட்களே நிற்கும் பூ இது. மழைக்கு முன்பே தேனீக் கூட்டத்தைப் பெருக்கி வைத்தவருக்கே தேன் கிடைக்கும். சமவெளியில் கோடையில் கிடைக்கும் வேம்புத் தேனில் சற்றே கசப்பு இருக்கும். நீலகிரியில் குறும்பர்கள் பாறை முகடுகளில் கயிறு கட்டி இறங்கி எடுப்பது மலைத்தேன். அது பல காட்டு மரங்களின் பூந்தேன் கலந்தது.

உறைந்தால் கலப்படமா?

ரப்பர்த் தேன் விரைவில் உறையும். இதைச் சர்க்கரைக் கலப்படம் என்று கூறி விலையைக் குறைக்கும் வியாபாரிகளும் உண்டு. இது சரியன்று. திராட்சைச் சர்க்கரை மிகுந்த தேன் உறைவது இயல்பே. பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும். நேரடியாக அடுப்பில் வைத்தால் மணம் கெடும்.

உண்மையில் தேனைக் கெடுப்பது ஈரமே. நீர் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தேன் நுரைத்துப் புளிக்கும். தேனடையில் முக்கால் பங்கு அறைகளைத் தேனீக்கள் மெழுகால் மூடிய பின்னரே அறுவடை செய்ய வேண்டும். எடுத்த தேனைப் பருவவாரியாகத் தனித்தனியே வைத்து, மரத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே டின்னில் ஊற்றினால் வேம்புத் தேனுக்கும் காப்பித் தேனுக்கும் உள்ள தனி மதிப்பு போய்விடும்.

பூக்கும் பருவத்தில் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்க்கவும். தவிர்க்க இயலாவிடில், தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையில் தெளிக்கலாம்.