ரோஜாவின் நிறமும் பூவின் பொருளும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக மலை நோக்கிச் செல்லும் சாலையின் கோடியில் இருப்பது போனக்காடு. அதற்கு மேல் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் கூடத்திற்குக் கால்நடையாகவே ஏறவேண்டும். தமிழ் முனிவர் உறையும் இடமென்று நம் முன்னோர் போற்றிய மலையின் மேலைச் சரிவு அது. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே தேயிலைத் தோட்டம் உண்டாயிற்று. மலைக்கு அப்பாலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் கொழுந்து பறித்து, லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. கடல் கடந்து வந்து வாழும் நமக்கு, ஊர் விட்டு ஊர் பெயர்ந்த வகையில் அவர்கள் மூத்தோர் ஆவர். தொழிற்சாலை ஓடாது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர்தம் மக்கள் பலர் வேறிடம் பெயர்ந்தனர்.

மலைத்தோட்டத்துத் துரைமார் தம் பங்களாவைச் சுற்றி ரோஜா வளர்ப்பதைப் பெருமையாகக் கருதியவர்கள். கீழே லயம், நடுவே தேயிலை, மேலே பங்களாவும் பூந்தோட்டமும் என்பதே தோட்டங்கள் பலவற்றின் அமைப்பு. தேயிலை சீனத்துச் செடி என்பது பலரும் அறிந்தது. இன்று கடைகளில் நாம் காணும் ரோஜாவிலும் பாதி சீனத்துக் குருதி ஓடுகிறது என்பதை அறிந்தவர் சிலரே.

ஐரோப்பாவில் முன்பு இருந்த சிவப்பு ரோஜாக்கள் பெரும்பாலும் ஊதா கலந்த சிவப்பு. வாடும்போது அவ்வூதா மேலும் மிகும். உண்மையான செந்நிறம் கொண்ட சீன ரோஜா 1792-ஆம் ஆண்டையொட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் வழியே இங்கிலாந்தை அடைந்தது. 1824-இல் பார்க்ஸ் என்பவர் இலண்டன் தோட்டக்கலைக் கழகத்திற்காகச் சீனத்திலிருந்து இளமஞ்சள் ரோஜா ஒன்றைக் கொண்டு சென்றார். அதன் மணம் தேயிலையை நினைவூட்டியதால் அவ்வினத்திற்குத் தேயிலை ரோஜா என்றே பெயர் வழங்கிற்று. காதலர் கையில் இன்று விளங்கும் சிவப்பும், தேயிலை ரோஜாவின் இளமஞ்சளும் இவ்வாறு தேயிலைக் கப்பல் சென்ற வழியிலேயே சென்றவை.

நிறம் வந்த கதை இது. நிறத்திற்குப் பொருள் வந்த கதை இதனினும் சுவையானது.

துருக்கியில் வாழ்ந்த ஆங்கிலப் பெருமாட்டி மேரி ஒர்ட்லி மாண்டேகு, அந்நாட்டு மகளிர் பூவும் பழமும் பிறவும் அனுப்பித் தம் கருத்தை உணர்த்தும் வழக்கத்தை 1718-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அங்கே பொருள் பிறந்தது நிறத்தால் அன்று. பொருளின் பெயரோடு ஓசை இயைந்து வரும் அடியால். நம் புலவர்க்கு எதுகை எப்படியோ அப்படி! ஐரோப்பியர் அந்த ஓசையை விட்டுவிட்டுப் பூவை மட்டும் எடுத்துக்கொண்டனர். 1819-இல் பாரிசில் சார்லட் தெ லத்தூர் என்ற புனைபெயரில் மலர்மொழி நூல் ஒன்று வெளிவந்தது. பின்னர் அத்தகைய நூல்கள் பல தோன்றின. 1884-இல் இலண்டனில் கேட் கிரீனவே என்னும் ஓவியர் வெளியிட்ட அழகிய சிறுநூலைப் பாருங்கள். மஞ்சள் ரோஜாவிற்கு அன்பு குறைதல், பொறாமை என்று பொருள். வெண்மைக்கு, உனக்கு நான் தகுதியுடையேன் என்பது கருத்து. கருஞ்சிவப்புக்கோ காதல் என்று பொருளில்லை. நாணம் என்று போட்டிருக்கிறது!

பிறகு 1900-இல் பிரான்சு நாட்டுப் பெர்னே துஷே என்பவர் ஆழ்ந்த பொன்மஞ்சள் கலந்த புதிய ரோஜாவை அளித்தார். அதன் வழியில் பளிச்சென்ற மஞ்சள் பூக்கள் பெருகின. பொறாமைப் பூவை யார் விலை கொடுத்து வாங்குவார்? மஞ்சள் இன்று கடைப் பட்டியல்களில் நட்பின் சின்னமாகிவிட்டது. நூறாண்டுக்குள் பொறாமை நட்பாக மாறுமாயின், அப்பொருள் பூவில் இருந்ததா, கல்லாப் பெட்டியில் இருந்ததா என்று ஐயுறுதல் தவறாகாது.

பிப்ரவரி மாதம் வந்தால் நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து இந்தப் பட்டியலைக் கற்று வருகிறார்கள். சிவப்புத் தந்தான், மஞ்சள் தந்தான் என்று மகிழ்வதும் உண்டு, மனம் புண்படுவதும் உண்டு. அவர்களை நகையாடிப் பயனில்லை. பூவுக்குப் பொருள் கூறும் வழக்கம் நமக்கும் பழையதே. ஆனால் நம் முன்னோர் பொருளை இதழின் நிறத்தில் தேடவில்லை.

தும்பை வெண்மையான பூ. மேனாட்டார் கணக்கில் வெண்மை தூய்மைக்கும் அமைதிக்கும் உரியது. தமிழ் மரபிலோ தும்பை சூடினான் என்றால் எதிர்நின்று பொரும் கடும்போரில் இறங்கினான் என்பது பொருள். வெட்சி செந்நிறப் பூ. அதைச் சூடினவன் காதலியைத் தேடிச் செல்லவில்லை, பகைவர் ஆநிரையைக் கவரச் சென்றான்! எந்தப் பூ, எவர் சூடினார், எச்செயலின் முன் சூடினார் என்பனவே அங்குக் கருதப்பட்டன. (ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இதற்கு அயலார் அல்லர். 1455 முதல் 1485 வரை நடந்த அரசுரிமைப் போரில் லங்காஸ்டர் குடிக்குச் செந்நிற ரோஜாவும் யார்க் குடிக்கு வெண்ணிற ரோஜாவும் சின்னங்களாகச் சொல்லப்படுகின்றன.)

செந்நிறப் பூவைக் காதலன் நீட்டும் காட்சியும் நம்மிடம் உண்டு. குறுந்தொகையின் முதற் பாட்டே அது. தலைவன் கொணர்ந்த காந்தள் மலரைத் தோழி ஏற்கவில்லை. குருதி போலச் சிவந்த காந்தள் முருகனுக்குரிய எங்கள் மலையிலேயே நிரம்ப உண்டு என்கிறாள். பூவை மறுத்தாளே ஒழிய அவனை முற்றும் மறுத்தாள் என்று சொல்லிவிட முடியாது. அந்நுட்பத்தை எந்த நிறப் பட்டியலிலிருந்து அறிவது?

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களில் ரோஜா இல்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் தானே படரும் வெண்ணிறக் காட்டு ரோஜா ஒன்று உண்டு. எனினும் இலக்கியம் அதைக் கொண்டாடவில்லை. நமக்குப் பழக்கமானது இளஞ்சிவப்பான பன்னீர் ரோஜா. பிற்பாடு வந்த பூவாயினும் அது நம் வழக்கத்திற்கே வந்து சேர்ந்துவிட்டது. தோவாளைப் பூச்சந்தைக்குச் சென்று காணுங்கள். மணமாலைக்கும் பிண மாலைக்கும் ஒரே குவியலிலிருந்துதான் ரோஜா எடுக்கிறார்கள். நிறம் ஒன்று, கட்டும் முறையும் செல்லும் வீடுமே வேறு. மஞ்சளோ, தாலிக் கயிற்றுக்கும் மண ஓலையின் நான்கு மூலைக்கும் உரிய மங்கல நிறம். அன்பு குறைந்தது என்று நம் வீட்டில் எவரும் அதற்குப் பொருள் கொள்வதில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பூவின் பொருள் நிறத்தில் இல்லை, சூடுபவரிடத்தில் உள்ளது என்று பெருமை கொண்ட நாமே, இன்னார் சூடலாகாது என்றும் விதித்தோம். ஒல்லையூர் நாட்டுத் தலைவன் மறைந்தபோது, இளைஞரும் சூடார், வளையணிந்த மகளிரும் கொய்யார், நீ ஏன் பூத்தாய் என்று புலவர் முல்லையைக் கேட்கும் பாட்டுப் புறநானூற்றில் உண்டு. அது நாடே பூவைத் துறந்த துயரம். நாம் செய்வது அதுவன்று. நாடெல்லாம் சூடிக்கொண்டிருக்கக் கணவனை இழந்தவள் ஒருத்தியை மட்டும் விலக்குகிறோம். சந்தனம், கற்கண்டு, ரோஜா வைத்த வரவேற்புத் தட்டைக் கண்டதும், எவரும் எதுவும் சொல்லாமலே ஓரமாக ஒதுங்கிச் செல்லும் தாய்மாரை நம் விழாக்களின் வாயிலில் இன்றும் காண்கிறோம். கப்பலேறியும் வானூர்தியேறியும் வந்த நாம் இதையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வந்தோம்.

எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி போனக்காட்டில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கணவர் மறைந்தபின் மகனோடு வந்து இங்கே வாழ்பவர். பேத்தியின் திருமணத்தன்று வாயிலில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்றில் சிவப்பும் மஞ்சளுமாக ரோஜா; இன்னொன்றில் வெள்ளை ரோஜா மட்டும். பூவே கொடுக்காமல் விடுவதை விட இது மேல் என்று எண்ணிய இளைஞர் சிலர், கணவரை இழந்தவர்களுக்கென வெள்ளைப் பூவைத் தனியே வைத்திருந்தனர். நல்லெண்ணந்தான். பாட்டி தயங்கி நிற்பதைக் கண்டு மணமகளே உள்ளிருந்து வந்தாள். இரண்டு தட்டிலிருந்த பூக்களையும் ஒன்றாகக் கொட்டி, "எடுத்துக்கோங்க பாட்டி" என்று நீட்டினாள். மூதாட்டி நெடுநேரம் பார்த்து, ஒரு மஞ்சள் ரோஜாவை எடுத்தார். முகர்ந்தார். "நம்ம துரை பங்களாவிலே இந்த நிறந்தான் இருந்துச்சு, பறிக்க விடமாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே பூவைக் கையில் ஏந்தியபடி மண்டபத்தினுள் நடந்தார்.