ஓவிய ஆசிரியரும் கூட்டுறவும்

பெரும்பாலான பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் ஒருவரே. தாம் கண்ட புதிய முறையையும், தமக்கு எழும் ஐயத்தையும் அவர் யாரிடம் பகிர்வார்? பள்ளி கடந்து கூடுவதே இக்குறைக்கு மருந்து.

1966-இல், சென்னைக் கலைத்தொழிற் பள்ளி முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவர்தம் மாணாக்கரும் ஒன்றுகூடிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினர். பாத்திக் எனும் மெழுகுச் சாயத் துணிகளை விற்றுப் பொருள் ஈட்டினர். ஆதலின் பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிட நேரவில்லை. ஒருவர் கண்ட உத்தி அனைவர்க்கும் பாடமாயிற்று.

கள்ளக்குறிச்சியிலும் இது கைகூடும். அவ்வூர் மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது. கல்வராயன்மலைப் பள்ளி ஆசிரியரும் சமவெளிப் பள்ளி ஆசிரியரும் திங்கள்தோறும் ஒரு சிற்பக்கூடத்தில் கூடட்டும். சிற்பியின் உளி நுட்பம் இருசாரார் மாணவர்க்கும் சென்று சேரும். கல்வியைப் போலவே கலையும் கொடுக்கக் குறையாதது அன்றோ?